கரண்ட் போன ஆபீஸில் இருந்த கரண்ட்

1. ஸ்க்ரூடிரைவரோடு நின்றவர்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு முதன்முதலாகப் போனபோது முதலாளி கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றிருந்தார். மேஜைமேல் கம்ப்யூட்டர் மல்லாந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், ரேம் ஒரு பக்கம். உள்ளே இருந்த ஒயர்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்.

"வாங்க அம்மணி. பாதி வேல நானே முடிச்சு வெச்சிருக்கறேன். எஸ்எம்பிஎஸ் போயிருச்சு. வேற ஒண்ணு மாட்டிட்டு நீங்க கெளம்பலாம்," என்றார்.

எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்ன இரும்புப் பெட்டி. கஸ்டமர்களுக்கு எது புரியாவிட்டாலும் அந்தப் பெயர் மட்டும் தெரிந்திருக்கும். நான் காதர்பேட்டையில் கடை வைத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவள். பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்குள் போய் வந்தே தலை நரைத்துவிட்டது. போன உடனே நமக்குப் பாடம் எடுக்கும் கஸ்டமர்கள் எனக்குப் புதிது இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே நம் வேலையை நாம் பார்க்கலாம்.

இவர் பெயரை நாச்சிமுத்து என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயர் வேண்டாம். சேவூர்ப் பக்கம் தோட்டம் இருந்த குடும்பம். சின்ன வயதில் கிணற்று மோட்டாரைத் தானே பிரித்துக் கட்டியவர். பிறகு தையல் மெஷின், பாய்லர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தன் கையாலேயே பழுது பார்த்து, அந்தத் தைரியத்திலேயே கம்பெனியை வளர்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. போனவுடன் மோர் கொடுக்கச் சொல்வார். ஆனால் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவர்.

எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. போயிருந்தது பார்கோட் பிரிண்டரின் கேபிள் மாட்டும் போர்ட். அதற்கு முன்பும் ஒரு முறை அது கருகியதாக ரேவதி சொன்னாள். ரேவதி அங்கே அக்கவுன்ட்ஸ், பில்லிங், ஸ்டிக்கர் பிரிண்ட் எல்லாம் பார்க்கும் பெண். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஆன் செய்து, புறங்கையை மெதுவாகக் கம்ப்யூட்டரின் இரும்புக் கூடான கேபினட் மேல் வைத்தேன். சுருக்கென்றது.

"ஆமாங்க்கா, தொட்டா எறும்பு கடிக்கற மாதிரியே இருக்கும். பழகிருச்சுங்க்கா," என்றாள் ரேவதி.

எர்த் இல்லாத இடத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் கொஞ்சம் கரண்டை உடம்பில் காட்டும். அந்த அளவு ஆளைக் கொல்லாது, போர்ட்டைக் கொல்லும். நாச்சிமுத்துவிடம், "அண்ணா, ஆபீஸ் லைனுக்கு எர்த்தே இல்லீங்ணா. வெளிய ஒரு குழி தோண்டி எர்த் போட்டுருங்க. இல்லைன்னா எத்தன பிரிண்டர் மாத்துனாலும் போயிட்டேதான் இருக்கும்," என்றேன்.

"அவ்வளவுதானுங்களா? அத நான் பாத்துக்கறேன்," என்றார்.

2. ஜீரோ

அடுத்த முறை அவர் கூப்பிட்டது இன்னொரு கம்ப்யூட்டர் மாட்டுவதற்காக. ரேவதி உட்காரும் ஆபீஸ் கேபினுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கேபினட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று இல்லை.

"எர்த் போட்டுட்டீங்களாண்ணா?"

அவர் சிரித்தார். "நானே சரி பண்ணீட்டேன். குழியெல்லாம் எதுக்கு அம்மணி? சும்மா செலவு வெக்கறதுக்கு எலக்ட்ரீசியனுங்க சொல்ற கத."

அந்தச் சிரிப்பில் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பையிலிருந்து மீட்டரை எடுத்து, பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தேன். ஜீரோ.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் ஜீரோவைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். நானும் ஒரு காலத்தில் பட்டிருப்பேன். ஆனால் ஏசி ஓடும் லைனில், ஒழுங்கான எர்த் இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சமாவது வோல்ட் காட்டும். சுத்தமாக ஜீரோ என்றால், இரண்டு ஒயரும் அந்தப் பாயின்ட்டிலேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆபீஸ் லைனின் சுவிட்சை இறக்கிவிட்டு பிளக் பாயின்ட்டின் பிளேட்டைக் கழற்றினேன். நினைத்தபடியே இருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர் துண்டு. ஒரு முனை நியூட்ரலில், மறு முனை எர்த்தில். அழகாக முறுக்கி மாட்டியிருந்தார். அடுத்த பாயின்ட்டிலும் அதே.

இது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். ஃபேஸ் ஒயரில் வரும் கரண்ட், மெஷினை ஓட்டிவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. எர்த் சும்மா காத்திருக்கும் ஒயர். இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் மண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. இவர் எர்த்துக்குக் குழி தோண்டாமல் அதை நியூட்ரலோடு சேர்த்துவிட்டார். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கடிப்பதுகூட நின்றுவிடும். ஆனால் பின்னால் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியாக எல்லாப் பெட்டிகளின் இரும்பிலும் வந்து நிற்கும். லைட் எரியாது, ஃபேன் சுற்றாது, கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. பார்ப்பவருக்குக் கரண்ட் இல்லை. தொடுபவருக்கு இருக்கும்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார்.

"ஏனுங் அம்மணி, ஈ.பி.காரன் ட்ரான்ஸ்பார்மர்ல நியூட்ரலக் கொண்டுபோயி எங்க எறக்கறான்? மண்ணுல. நீங்க சொல்ற எர்த் எங்க போவுது? அதும் மண்ணுக்குத்தான். அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"அங்க ஒண்ணுதானுங்ணா. இங்க ஒண்ணு இல்ல. நடுவுல நியூட்ரல் கட்டாயிருச்சுன்னா?"

"ஏன் கட்டாவுது? நானே முறுக்கி மாட்டுனது."

"ட்ரிப்பர் ஒண்ணு இருந்துச்சுங்களே, ஆளுக்கு ஷாக் அடிச்சா விழறது? அதையாவது..."

"அதக் கழட்டிட்டேன். மழ பேஞ்சா சும்மா சும்மா உழுந்துருது. வேல நிக்குதுங்க."

பாதி உண்மையைப் பேசுகிறவரிடம் வாதாடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ட்ரான்ஸ்பார்மர் பற்றி அவர் சொன்னது சரி. மழைக்கு ட்ரிப்பர் விழுந்ததும் சரியாகத்தான் இருக்கும். நான் சொன்னதோ இன்னும் நடக்காத ஒன்று. அவர் எழுந்து வந்து, சுவிட்சை ஏற்றி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, இரண்டு உள்ளங்கையையும் கேபினட் மேல் பரப்பி வைத்தார்.

"பாருங். ஒண்ணுமில்ல. நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க. கரண்ட நான் பாத்துக்கறேன்."

அந்த நேரத்தில் ஒன்றும் இல்லைதான்.

புதுக் கம்ப்யூட்டரை மாட்ட மாட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "செரி, நானே மாட்டிக்கறேன்," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

3. ரேவதியிடம் சொன்னது

கிளம்பும்போது ரேவதியை வாசல் வரைக்கும் கூட்டிவந்தேன்.

"கண்ணு, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க. என்னைக்காவது ஆபீஸ்ல மட்டும் கரண்ட் போயி, தையல் செக்ஷன்ல மெஷின் ஓடிட்டு இருந்துச்சுன்னா, எதையும் தொடாத. எந்திரிச்சு வெளிய வந்துரு. யாரையும் தொட உடாத. எனக்குப் போன் பண்ணு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "செரீங்க்கா," என்றாள்.

எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் மணியை அனுப்பிவைத்தேன். ஒருவேளை ஆம்பிளை சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். மணிக்கு டீ வாங்கிக் கொடுத்து, பாய்லரை எப்படித் தானே வெல்டு வைத்தார் என்று கதை சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? நல்லூர் பக்கத்திலிருந்து எந்தப் போன் வந்தாலும் ரேவதியாக இருக்குமோ என்றுதான் எடுப்பேன். கடையில் டியூப்லைட் ஒரு முறை சிமிட்டினால் அந்தச் சிவப்பு ஒயர்தான் கண்ணில் வந்து நிற்கும். வேறு கம்பெனிகளில் வேலை செய்யும்போதும் இரண்டு கைக்கும் நடுவில் நெஞ்சு வழியாகக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்று இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வெளியே நான் பயப்படுவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் ஒரு பொம்பளை பயப்படுகிறாள் என்று தெரிந்தால் அடுத்த வேலை வராது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

4. "கரண்டே இல்லாத பொட்டி"

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கடையில் ஒரு லேப்டாப்பைப் பிரித்து வைத்திருந்தேன். ரேவதி போன்.

"அக்கா, ஆபீஸ்ல மட்டும் கரண்ட் இல்லீங்க்கா. தையல்ல மெஷின் ஓடுதுங்க்கா."

அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"நீ எங்க இருக்கற?"

"கேபினுக்கு வெளிய நிக்கறனுங்க்கா. டைப் அடிச்சிட்டிருந்தேன். பொசுக்குனு நின்னுருச்சு. கைய எடுத்துட்டு வந்துட்டேன்."

கீபோர்டும் மவுஸும் பிளாஸ்டிக். அவளைக் காப்பாற்றியது அதுதான்.

"ஆரையும் உள்ள உடாத. நான் வர்றேன்."

அதற்குள் போன் கைமாறியது. நாச்சிமுத்து.

"அம்மணி, ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்துல எஸ்எம்பிஎஸ் போயிருச்சாட்ட இருக்குது. ஏசியும் ஓடல. கொஞ்சம் சீக்கிரம் வாங்க. இன்னைக்குக் கண்டெய்னர் ஏத்தோணும். ஸ்டிக்கர் பாதிதான் பிரிண்ட் ஆயிருக்குது."

"அண்ணா, நான் சொன்னதேதானுங்ணா இது. நியூட்ரல் போயிருச்சு. மொதல்ல மெயின எறக்குங்க."

"மெயின எறக்குனா மொத்த லைனும் நின்னுருமுங்க. கண்டெய்னர் வாசல்ல நிக்குது."

"எறக்குங்ணா. எதையும் தொடாதீங்க. ஆளுக யாரையும் கிட்ட உடாதீங்க."

"கரண்டே இல்லாத பொட்டியத் தொட்டா என்னங்க ஆயிரும்? ஆளுகள உட்டுப் பொட்டியத் தூக்கித் தையல் செக்ஷன்ல வெச்சு ஓட்டிக்கறோம். அங்கதான் கரண்ட் இருக்குதே. நீங்க வந்து பாருங்க." போன் கட்டாகிவிட்டது.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. ரேவதியின் நம்பருக்கு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

வண்டியை எடுத்தேன். பிரித்த லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்ததே எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது. மணிக்கு மட்டும் போன் போட்டு, "நல்லூர் கம்பெனிக்கு ஓடி வா," என்றேன். காங்கயம் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் துணி மூட்டை ஏற்றிய டெம்போ. ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். மனதுக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பையன், வெறுங்காலோடு, முதலாளி சொன்னார் என்று அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டித் தூக்குகிறான். இரும்பை அப்படிக் கட்டிப் பிடித்தவன் விடமாட்டான், விட முடியாது. பக்கத்தில் நிற்பவன் இழுக்கப் போவான், அவனும் ஒட்டிக்கொள்வான். நான் போய்ச் சேரும்போது அங்கே எப்படிச் சத்தம் இருக்கும் என்று கற்பனை செய்தேன். அழுகைச் சத்தமா, அமைதியா? எது மோசம் என்று தெரியவில்லை.

5. டேபிள்

கம்பெனி வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். தையல் மெஷின்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கேட்டதும் கால் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

கேபின் வாசலில் ரேவதி நின்றிருந்தாள். இரண்டு கையையும் கதவுச் சட்டத்தில் விரித்து, குறுக்கே. போன் அவள் காலடியில் கிடந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது. எதிரே நாச்சிமுத்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் சம்பளம் குடுக்கறனா, இல்ல அவங்க குடுக்கறாங்களா? நகுரு!"

அவள் நகரவில்லை. மரக்கதவு, மரச் சட்டம். அவள் நின்ற இடம் சரியான இடம்தான்.

"செரி, அந்தப் பொட்டிய உடு," என்று அவர் திரும்பி ஒரு கையை ஆட்டினார். "முகேஷ், வோ பிரிண்டர் உட்டாவ்!" இந்தியில் பிரிண்டரைத் தூக்கச் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன். பார்கோட் பிரிண்டர் கேபினுக்குள் இல்லை. வெளியே, பேக்கிங் பெண்கள் நின்று, தைத்த பனியன் பீஸ்களை மடிக்கும் ஸ்டீல் டேபிளின் ஓரத்தில் இருந்தது. கேபினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள், ஜன்னல் சந்து வழியாக வந்து அந்தப் பிரிண்டரில் மாட்டியிருந்தது. கேபிளுக்குள் இருக்கும் கம்பி வலை கம்ப்யூட்டரின் இரும்பையும் பிரிண்டரின் இரும்பையும் சேர்க்கும். பிரிண்டரின் இரும்பு டேபிளைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேபினை மட்டுமே நினைத்துப் பயந்துகொண்டு வந்திருந்தேன். கரண்ட் கேபினைத் தாண்டி வந்துவிட்டது.

டேபிளுக்கு அடியில் தரை ஈரம். பக்கத்தில் ஸ்டீம் அயர்ன் செய்யும் இடம். அங்கிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி வழிந்திருந்தது. பேக்கிங் பெண்கள் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முகேஷ் அயர்ன் செய்யும் பீகார் பையன். வெறுங்கால். கைகளை நீட்டிக்கொண்டு டேபிளுக்கு அருகே வந்துவிட்டான்.

"ருக்கோ!" என்று கத்தினேன். என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அவன் நின்றுவிட்டான், நீட்டிய கையோடு. பேக்கிங் பெண்களும் நின்றார்கள்.

நான் ரப்பர் ஷூ போட்டிருந்தேன். டெஸ்டரை எடுத்து, முனையை டேபிளின் ஓரத்தில் வைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"டேபிள்ல கரண்ட் இருக்குது. எல்லாரும் பின்னால போங்க. ஈரத்துல நிக்காதீங்க."

பெண்கள் பின்வாங்கினார்கள். நாச்சிமுத்து முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்டர் எங்க வெச்சாலும் எரியும் அம்மணி. காத்துல வெச்சாக்கூட எரியும். ஆளுகள எதுக்குப் பயமுறுத்தறீங்க? இத பாருங்க, நான் தொட்டுக் காட்டறேன்."

அன்றைக்குக் கேபினட் மேல் கையைப் பரப்பி வைத்தாரே, அதே மாதிரி வலது கையை நீட்டினார். தோல் செருப்பு, நனைந்த தரை.

அந்த நேரத்தில் எனக்கு ட்ரான்ஸ்பார்மரைப் பற்றியோ நியூட்ரலைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் கைகள் வெடவெடவென்று ஆடின. என்னால் நிறுத்த முடியவில்லை.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்குதுங்ணா. தொடாதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நான் எவ்வளவோ காரணம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. நடுங்கும் கைக்கு அவரிடம் பதில் இல்லை. அவர் கையிலிருந்த வேகம் மெல்லத் தளர்வது எனக்குத் தெரிந்தது. கையைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மெயின எறக்கு, ரேவதி," என்றேன்.

அவள் ஓடினாள். மெயின் சுவிட்சின் கைப்பிடி துருப்பிடித்து இறுகியிருந்தது. மரப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி, துணியைச் சுற்றிப் பிடித்து, தொங்குவதுபோல இழுத்தாள். மொத்தக் கம்பெனியும் ஒரே நேரத்தில் நின்றது. தையல் செக்ஷனில் யாரோ, "என்னாச்சு?" என்றார்கள். கூரை மேல் தூறல் விழும் சத்தம் கேட்டது.

6. பல்ப்

மணி வந்தான். ஆபீஸ் லைனின் பெட்டியைத் திறந்து காட்டினான். ஏசியின் பாரம் தாங்காமல் நியூட்ரல் ஒயர் கருகி, திருகிலிருந்து கழன்று தொங்கியது. நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"நான் முறுக்கி மாட்டுனதுதானே அது," என்றார், தனக்குத்தானே.

டேபிளில் கரண்ட் வந்ததைப் பல்ப் வைத்துக் காட்டட்டுமா என்று மணி கேட்டான், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் நாச்சிமுத்து, "எனக்குக் காட்டு," என்றார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மணி ஒரு ஹோல்டரில் குண்டு பல்ப் மாட்டினான். அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றை டேபிளின் காலில் கவ்வ வைத்தான். இன்னொன்றைத் தரைக்குள் இறங்கும் தண்ணீர்க் குழாயில். பிறகு மெயினை ஏற்றினான்.

கேபினுக்குள் லைட் எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. கம்ப்யூட்டரின் திரை கருப்பாகவே இருந்தது. பிரிண்டரும் செத்துத்தான் கிடந்தது. பீஸ் மடிக்கும் அந்த டேபிளின் காலடியில் பல்ப் மட்டும் மஞ்சளாக எரிந்தது.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அதைப் பார்த்தபோது என்னையறியாமல் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். மணி உடனே மெயினை இறக்கிவிட்டான். பல்ப் அணைந்த பிறகும் நாச்சிமுத்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்டெய்னரைப் பற்றி சூப்பர்வைசர் வந்து கேட்டார். நாச்சிமுத்துவின் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகேஷைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்றான். அவன் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பையன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

பிறகு ரேவதியிடம், "ஏம்மா, நான் அந்தக் கத்துக் கத்தியும் நீ நகுரவே இல்லியே?" என்றார்.

"நகுந்தா நீங்க செத்துப்போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க சார்," என்றாள்.

7. தொட்டுப் பார்த்தல்

இதை எழுதச் சொன்னது எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். எல்லாம் தெரிந்த கஸ்டமரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாஃப்ட்வேர் விஷயத்தில், ரேம் விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டும், நமக்கு ஒன்றும் குறையாது. ஆனால் உயிர் விஷயம் என்று உங்கள் வயிறு சொன்னால் வாதாடாதீர்கள். வாதத்துக்கு அவர் பதில் வைத்திருப்பார். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதையும் முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்தப் பெட்டியின்முன் தினமும் உட்காரும் ஆளிடம் சொல்லுங்கள். பயத்தை மறைத்தால்தான் மரியாதை என்று நான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அங்கே எல்லோரும் உயிரோடு இருந்தது நாங்கள் இரண்டு பேர் பயந்ததால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அது பயம் போன பிறகு செய்வது இல்லை. பயம் போகாமலே செய்ய வேண்டியது.

குழி தோண்டி, எர்த் போட்டு, ஒயரிங் முழுவதும் மாற்றி, ட்ரிப்பரும் மாட்டிய பிறகு மணி என்னை வரச் சொன்னான். போனேன். சிவப்பு ஒயர் துண்டு எந்தப் பாயின்ட்டிலும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மீட்டர் வைத்து அளந்தேன். ட்ரிப்பரின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், விழுந்தது. எல்லாம் சரி. மெயினை ஏற்றினார்கள். கேபினுக்குள் லைட் எரிந்தது, ஏசி ஓடியது. கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

யாரும் கிட்டே வரவில்லை. ரேவதி அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பேக்கிங் பெண்கள் டேபிளைத் தொடாமல் பீஸை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். முகேஷ் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

நாச்சிமுத்து என் பக்கத்தில் வந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"அம்மணி, இப்பத் தொடலாமுங்களா?"

அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தொடலாம் என்று எனக்குத் தெரியும். நானே அளந்தது. ஆனாலும் என் கை எழவில்லை. மீட்டர் சொன்னதை மூளை நம்பியது, விரல் நம்பவில்லை. அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொடாமல் திரும்பினால் அந்த ஆபீஸில் இனி ஒருத்தரும் நிம்மதியாக வேலை செய்ய மாட்டார்கள் என்று புரிந்தது.

"நான் மொதல்ல தொடறனுங்ணா," என்றேன்.

புறங்கையைக் கேபினட் மேல் வைத்தேன். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையை முழுசாகப் பதித்தேன். ஏசிக் காற்றில் குளிர்ந்த வெறும் இரும்பாக இருந்தது.